எட்டிப் பார்க்க வேண்டாம் என்றேன்

கொழும்பில் காலி வீதி என்கிற பெருந்தெருவைக் கடப்பதில் எனக்குத் திமிர் இருந்தது. சமையலில் இல்லை, உடுப்பில் இல்லை, இதில் இருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் பிளாட்ஸில் வீடு, வீதியின் மறுபக்கத்தில் ஒரு பார்மசியில் வேலை. காலையில் ஒருமுறை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வர இரண்டு முறை, பின்னேரம் ஒருமுறை என்று இருபத்திரண்டு வருடங்களாக ஒரே மஞ்சள் கோட்டில் கடந்துகொண்டிருக்கிறேன். பாதசாரிக் கடவைக்கு இப்போது வெள்ளைதான் பூசுகிறார்கள். ஆனாலும் எங்கள் வாயில் அது மஞ்சள் கோடுதான்.

என் முறை எளிது. வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் காட்டி, சாரதியின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு இறங்கிவிடுவேன். தயங்குகிறவருக்கு இந்த ஊரில் ஒருவனும் நிறுத்தமாட்டான். அப்படி இறங்கும் ஒருத்தி கிடைத்தால் போதும், நடைபாதையில் காத்து நிற்கிறவர்கள் அத்தனை பேரும் அவளோடு ஒட்டிக்கொள்வார்கள். அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கடற்கரைப் பக்கத்திலிருந்து இறங்கும்போது வாகனம் வலப்பக்கத்தால் வரும், ஆகவே எல்லாரும் என் இடப்பக்கத்தில் நிற்பார்கள். நடுக்கோடு தாண்டியதும் வாகனம் இடப்பக்கத்தால் வரும், உடனே ஒரு சொல்லும் பேசாமல் வலப்பக்கத்துக்கு மாறிவிடுவார்கள். கோட் போட்ட வங்கிக்காரர், டியூஷன் பிள்ளைகள், மீன் பையோடு வரும் சிங்கள அம்மாக்கள், எல்லாருக்கும் நான்தான் மதில். மறுகரை சேர்ந்ததும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்?

பக்கத்து அறைக்கு அந்த மனுஷி வந்தது போன வருடம் தைப்பொங்கல் கழிந்து. யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கம். என் வயதுதான், ஐம்பத்தைந்து இருக்கும். கணவர் இல்லை, ஒரே மகள் கனடாவில். மகளிடம் போக விசாவுக்குப் போட்டுவிட்டு, அது வரும்வரை கொழும்பில் இருக்கலாமென்று வந்தவர். வெள்ளவத்தையில் இப்படிக் காத்திருக்கிறவர்கள் மாடிக்கு மாடி இருக்கிறார்கள். சூட்கேஸ் பாதி கட்டியபடி கிடக்கும், சட்டி பானை ஒன்றும் புதிதாக வாங்கமாட்டார்கள். அவரும் என்னிடம்தான் தேங்காய் துருவுகிற துருவலையை இரவல் வாங்குவார்.

முதல் கிழமையே கண்டுகொண்டேன், மனுஷிக்கு வீதி என்றால் பயம். காலையில் என்னோடு சேர்ந்து இறங்கி, மறுபக்கம் போய்ப் பேப்பரும் பேக்கரியில் பாணும் வாங்கிக்கொண்டு, திரும்பிக் கடக்கத் துணிவில்லாமல் என் பார்மசிப் படியில் நின்று, தெரிந்த முகம் ஏதும் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். என்னோடு கடக்கும்போதும் ஒரு பழக்கம் இருந்தது. பஸ் நமக்காக நின்றுவிடும், நான் விறுவிறென்று போவேன். அவர் பஸ்ஸின் முன்பக்கம் முடிகிற இடத்தில் டக்கென்று நின்று, உடம்பைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டி, பஸ்ஸுக்கு அப்பால் ஏதும் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். அதற்குள் சாரதி ஹோர்ன் அடிப்பான். கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு "யன்ன, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லிக் கத்துவான். எனக்கு வெட்கமாக இருக்கும்.

"என்னத்தை எட்டி எட்டிப் பாக்கிறியள்?"

"அங்கால ஒண்டும் தெரியேல்லையே அக்கா. மறைவில ஏதும் வந்தா?"

"பஸ் நிண்டிட்டுதெல்லே. இனி யோசிக்கக் கூடாது, விறுவிறெண்டு வரோணும். நீங்கள் ஆமை மாதிரித் தலையை நீட்டிக்கொண்டு நிண்டா அவன் எடுத்துக்கொண்டு போயிடுவான். பிறகு நடு ரோட்டில நிக்க வேண்டியதுதான்."

"எனக்குப் பழகிப் போச்சுது."

"பழக்கத்தை விடுங்கோ. கனடாவில போயும் இப்பிடி எட்டிப் பாத்தா சிரிப்பினம்."

பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் ஒருமுறை சொல்லிவிட்டு விடுகிற ஆள் நானில்லை. ஒவ்வொரு காலையும் சொன்னேன். லிஃப்ட் கதவு திறந்தாலும் மனுஷி அப்படித்தான், வெளியில் ஆள் நிற்கிறதா என்று முதலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார். அதற்கும் சிரித்தேன். மற்ற வீட்டுக்காரர்கள் இருக்கும்போது நடித்துக் காட்டியும் சிரித்தேன். அவரும் கூடச் சிரித்தார், முகம் மட்டும் கொஞ்சம் சிவந்தது.

ஆனி மாதமளவில் அவர் திருந்திவிட்டார். திருந்திவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன். ஒருநாள் மறுகரையில் ஏறியதும் என் கையைப் பிடித்து, "அக்கா, இண்டைக்கு எட்டிப் பாக்கேல்லை. கவனிச்சனீங்களோ?" என்றார். பரீட்சையில் பாஸ் பண்ணிய பிள்ளையின் முகம். "இப்பதான் கொழும்பு ஆள்" என்று முதுகில் தட்டினேன். அந்தத் தட்டு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி, நல்ல வெயில். அன்று அவர் என்னோடு காலையில் வரவில்லை. பிரஷர் குளிசை முடிந்துவிட்டதென்றும், பிறகு வந்து எடுப்பதாகவும் சொல்லியிருந்தார். கடையில் சனமில்லை. ஒரு பெரியவர் மட்டும் மருந்துத் துண்டொன்றைத் தந்துவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். டொக்டரின் கையெழுத்து விளங்கவில்லை. உள்ளே வெளிச்சம் போதாதென்று துண்டோடு வாசற்படிக்கு வந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிர்க்கரையில், மஞ்சள் கோட்டின் தலைப்பில், அவர். தனியாக நிற்கிறார். பச்சை நிறச் சேலை, கையில் துணிப் பை.

புறக்கோட்டைப் பக்கம் போகும் பஸ் ஒன்று அவருக்காக நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் கையை உயர்த்தி, வாங்கோ என்று காட்டினேன். அவர் இறங்கினார். இறங்கி இரண்டு அடி வைத்துவிட்டு, பஸ்ஸின் முன்பக்கம் முடிகிற அந்த இடத்தில் நின்றார். பழைய பழக்கம். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தை நான் ஒழுங்காகச் சொல்லவேண்டும். அவருக்கு பஸ் மறைத்துக்கொண்டு நின்றது. எனக்கு மறைப்பில்லை. பஸ்ஸின் இந்தப் பக்கத்து வீதி முழுவதும் என் கண்முன் திறந்து கிடந்தது, தெஹிவளைப் பக்கத்திலிருந்து என்ன வந்தாலும் படியில் நின்ற எனக்குத் தெரியும். நான் தலையைத் திருப்பவில்லை. வாங்கிலிருந்த பெரியவர் "அது காலையிலையோ இரவிலையோ போடுறது?" என்று கேட்டார். நான் துண்டைக் குனிந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே இரண்டாம் தடவையும் கையை ஆட்டினேன். வாங்கோ, வாங்கோ.

அவர் வந்தார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, நிற்காமல், எட்டிப் பார்க்காமல், விறுவிறென்று.

மோட்டார் சைக்கிள் பஸ்ஸை முந்திக்கொண்டு வந்தது. பின்னால் சாப்பாட்டுப் பெட்டி கட்டிய சைக்கிள். நான் நிமிர்ந்தது சத்தத்துக்குத்தான். பிறகு பஸ்ஸிலிருந்து சனம் குதித்து இறங்கியதும், யாரோ ஒருவர் தன் குடையை விரித்து அவர் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்ததும் நினைவிருக்கிறது. நான் எப்படி வீதியின் நடுவுக்குப் போனேன் என்பது நினைவில்லை. மருந்துத் துண்டு அப்போதும் என் கையில் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தார். நாலாம் நாள் விடிய முடிந்துவிட்டது. பொலிஸில் என்னிடம் கேட்டபோது, சத்தம் கேட்டு வெளியில் வந்தனான் என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. கேள்வி முடிவதற்குள் பதில் வாயில் இருந்தது. மஞ்சள் கோட்டில் நிற்கிற வாகனத்தை முந்துவது சட்டப்படி பிழை, மோட்டார் சைக்கிள் ஓட்டிய பொடியன்மீது வழக்கு வைத்திருக்கிறார்கள், அது பிழையென்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்தப் பொடியனை எனக்குத் தெரியாது, அவன் என் சொல்லைக் கேட்டு ஓடியவனுமில்லை. என் சொல்லைக் கேட்டு நடந்தவர் ஒருவர்தான்.

செத்தவீட்டுக்கு மகள் வந்தாள். அதற்கு முன்பே வீடியோ வந்துவிட்டது. எங்கள் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற கமரா, எதிர்க்கரையைப் பார்த்தபடி வைத்தது, எல்லாவற்றையும் பிடித்திருந்தது. யாரோ எடுத்து வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் விட்டுவிட்டார்கள். இருபது செக்கன் இருக்கும். பஸ் நிற்கிறது, பச்சைச் சேலை இறங்குகிறது, நிற்கிறது, இந்தப் பக்கம் பார்க்கிறது, தலையை ஆட்டிச் சிரிக்கிறது, பிறகு நடக்கிறது. நான் கமராவுக்கு நேர் கீழே நின்றதால் படத்தில் இல்லை. வீதியைப் பாராமல் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது இந்த மனுஷி என்று ஊரெல்லாம் எழுதினார்கள். காதில் போன் மாட்டியிருந்திருப்பார், ஊர்ச் சனத்துக்கு வீதி ஒழுங்கு தெரியாது, அந்தப் பொடியனின் வாழ்க்கையும் போச்சு, இப்படி. இருந்தபோது யாருக்கும் ஒரு தொந்தரவு கொடாத மனுஷியை, செத்த பிறகு முன்பின் தெரியாதவர்கள் நிற்கவைத்து ஏசினார்கள்.

மகள் அந்த வீடியோவை என்னிடம் கொண்டுவந்தாள். தாய் சிரிக்கிற இடத்தில் நிறுத்திக் காட்டினாள்.

"அன்ரி, அம்மா இதில ஆரைப் பாத்துச் சிரிக்கிறா?"

"தெரியாது பிள்ளை."

"அம்மா கவனமான ஆள். சின்னனில என்னை ஒரு ரோட்டுக் கடக்க விடமாட்டா. எப்பிடி இப்பிடிப் போனவா?"

"தெரியாது பிள்ளை" என்று இரண்டாம் முறையும் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவளுடைய தலையைத் தடவினேன். அதே கையால்தான் தடவினேன்.

அவள் திரும்பிப் போனபின் எனக்கு வீடு வீடாக இல்லை. லிஃப்டில் ஏறினால், எங்கள் மாடியில் கதவு திறந்ததும் என் கால் எழும்பாது. வெளியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும் என்று நின்றுகொண்டிருப்பேன், கதவு திரும்ப மூடிக்கொள்ளும். பேய் என்று சொல்லவில்லை, எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் தேங்காய் துருவும்போது கதவைத் தட்டுவார் என்று காது காத்திருக்கும். கடையில் துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் வலது கை தன்பாட்டில் அசைவது போலிருக்கும், திடுக்கிட்டுப் பார்த்தால் மேசையில் சும்மா கிடக்கும். வீடியோவை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. பார்க்கும் ஒவ்வொரு தரமும் அவர் நேராக என்னைத்தான் பார்க்கிறார். அந்தத் தலையாட்டல் எனக்கு மட்டும்தான் விளங்கும். நீங்கள் ரோட்டைப் பாத்திட்டீங்கள்தானே, அப்ப சரி என்று.

இந்த வருடம் மாசி மாதம் எங்கள் பிளாட்ஸ் குடியிருப்பாளர் சங்கம் வீதிப் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று வைத்தது. ஞாயிறு காலை, கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள், தூணுக்குத் தூண் கட்டிய வெள்ளைப் படுக்கை விரிப்பில் புரொஜெக்டர் வெளிச்சம். போக்குவரத்துப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார், ஆனால் சிங்களம் மட்டும். கூட்டத்தில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில் வந்தவர்கள். தமிழில் சொல்ல ஒருவர் வேண்டுமென்றதும் எல்லாக் கண்ணும் என்மேல் விழுந்தது. கடையில் நாள் முழுக்க இரண்டு பாஷையும் பேசுகிறவள் நான்தானே. மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

போனில் பேசிக்கொண்டு கடக்க வேண்டாம் என்றார், சொன்னேன். காதில் பாட்டுப் போட வேண்டாம் என்றார், சொன்னேன். ஒரு வாகனம் நின்றுவிட்டதென்று நம்பி இறங்க வேண்டாம், நின்ற வாகனத்தின் ஓரத்தில் ஒரு கணம் நின்று, தலையை நீட்டி, அப்பால் ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும் என்றார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அடுத்து விரிப்பில் அந்த வீடியோ வந்தது. போனில் விரலளவு பார்த்த உருவம் இப்போது என்னளவு உயரத்தில் நின்றது. காற்றில் விரிப்பு அசைய அவரும் அசைந்தார். அதிகாரிக்கு அவர் எங்கள் பிளாட்ஸ் ஆள் என்று தெரியாது. மோட்டார் சைக்கிள்காரன் செய்தது குற்றம் என்று முதலில் சொன்னார். பிறகு, இந்த அம்மாவும் வீதியைப் பார்க்கவில்லை, கவனம் வேறெங்கோ இருக்கிறது, சிரிப்பைப் பாருங்கள் என்றார். சொல்லிவிட்டு, நான் தமிழில் சொல்வதற்காக என் பக்கம் திரும்பினார்.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. என் வாயால், என் பாஷையில், அவர் கவனமில்லாத மனுஷி என்று நான் சொல்லவேண்டும்.

"அவர் சொல்லுறார்..." என்று தொடங்கினேன். பிறகு, "அவர் சொல்லுறது பிழை" என்றேன். "அந்த அக்கா என்னைத்தான் பாத்துச் சிரிச்சவ. நான் கடைப் படியில நிண்டு கைகாட்டிக் கூப்பிட்டனான். எட்டிப் பாக்கிற பழக்கம் அவவுக்கு எங்கள் எல்லாரையும்விடக் கூட இருந்தது. வேண்டாம் எண்டு நக்கலடிச்சு விடப்பண்ணினது நான். நீங்களும் சிரிச்சனீங்கள், நான் நடிச்சுக் காட்டேக்க."

அதிகாரி, "என்ன மிஸ் சொன்னீங்க, ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். அவருக்கும் சொன்னேன். சிங்களத்தில் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. அவர் வீடியோவை நிறுத்திவிட்டு, நாளைக்கு வந்து வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை போய்க் கொடுத்தேன்.

கூட்டம் முடிய ஆளுக்கு ஆள் வந்து கையைப் பிடித்தார்கள். "நீங்கள் வேணுமெண்டோ செய்தனீங்கள்? பஸ் நிண்டதைப் பாத்துத்தானே கூப்பிட்டனீங்கள்" என்றார்கள். ஓம் என்றேன். மருந்துத் துண்டை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. கூப்பிட்டதை மட்டும் சொன்னேன், பாராமல் கூப்பிட்டதைச் சொல்லவில்லை. அவ்வளவு உண்மை சொல்லியும் கடைசி ஒரு பிடியைக் கைக்குள் வைத்துக்கொண்ட என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

இப்போது மஞ்சள் கோட்டில் நான் பஸ்ஸின் ஓரத்தில் நின்று தலையை நீட்டிப் பார்க்கிறேன். கொண்டக்டர் "யன்ன, யன்ன" என்று கத்துகிறான். கத்தட்டும். என் இடப்பக்கத்தில் ஒட்டியிருப்பவர்களும் என்னோடு நிற்க வேண்டியிருக்கிறது, சிலர் உச்சுக்கொட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள். நான் ஒருவரையும் வா என்று கூப்பிடுவதில்லை. அக்கரையில் தெரிந்தவர் நின்று கைகாட்டினாலும் என் கை எழும்புவதில்லை.

மகளுக்கு நான் சொல்லவேண்டும் என்று நினைத்து நினைத்து மூன்று கிழமை தள்ளிப்போட்டேன். வேறு யாரும் சொல்லிக் கேள்விப்படுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. பாத்திரச் சத்தம் கேட்டது. அவள் கேட்கக் கேட்கச் சொல்லாமல், ஒரே மூச்சில் சொன்னேன், கூப்பிட்டதை, பழக்கத்தை விடவைத்ததை, அவளிடமே இரண்டு தரம் பொய் சொன்னதை. பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்ப அம்மா கவனமில்லாமல் போகேல்லை" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. போகேல்லை."

"அதை நான் எல்லாருக்கும் எழுதுவன் அன்ரி. அந்த வீடியோவுக்குக் கீழ எழுதினவைக்கும் எழுதுவன்."

"எழுது பிள்ளை. என்ர பேரையும் போடு."

பிறகு, நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

"படியில நிண்ட உங்களுக்கு ரோட்டு முழுக்கத் தெரியுமெல்லே. கூப்பிடேக்க நீங்கள் ரோட்டைப் பாத்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. மருந்துத் துண்டு ஒண்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

கத்துவாள், ஏசுவாள் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா எண்டா பாத்திருப்பா அன்ரி" என்றாள். "உங்களைக் கூப்பிடமுதல் ரெண்டு பக்கமும் பாத்திருப்பா."

ஓம் என்றேன். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.